சுவரிலிருந்து கையை எடுக்காதே

அன்றைக்கு அந்த வணிக வளாகத்தின் இரண்டாம் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் நான், என் தங்கை, அப்பா, சித்தப்பா, கடைசியாக வந்து சேர்ந்த கடைக்காரர் மகன். இல்லாதவர்கள் இரண்டு பேர். அம்மா பிடோக்கில் ஒரு கேட்டரிங் சமையலறையில் வேலையாக இருந்தார். கடைக்காரர் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். இவர்களில் ஒருவர் அங்கே இருந்திருந்தால்கூட அப்படி முடிந்திருக்காது என்று எனக்கு இன்றும் தோன்றும்.

என் வயதுக்காரர்களுக்கு விசிடி நினைவிருக்கும். ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க். முதல் டிஸ்க் எப்போதும் மோசமான இடத்தில்தான் முடியும். கதவைத் திறக்க ஒரு கை நீளும், திரை நீலமாகிவிடும். இரண்டாவதை எடுத்துச் சட்டையில் துடைத்து உள்ளே தள்ளும்வரை அந்தக் கை நம் மனதில் கதவின் மேலேயே இருக்கும். கீறல் விழுந்த டிஸ்க் என்றால் இன்னும் மோசம். துரத்தி வரும் உருவம் பாதியில் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். இன்று பெரிய திரையரங்கில் காது கிழிய அலறவைக்கிறார்கள். அந்த உடைந்த சதுரங்கள் தந்த பயத்தை அவர்களால் எனக்குத் தர முடியவில்லை.

அது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. தினமும் மதியத்துக்கு மேல் மழை. நாங்கள் தோ பாயோவில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. அப்பா ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் வேன் ஓட்டினார். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த சித்தப்பா அவருக்கு உதவியாள். வீட்டில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அப்பா எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு தேக்கா பக்கம் இருந்த அந்தப் பழைய வளாகத்துக்கு வந்துவிடுவார். மொத்த வியாபாரியின் கிடங்கு அங்கே இரண்டாம் கீழ்த்தளத்தில் இருந்தது.

மேல்மாடியில் கைக்கடிகாரமும் தொலைபேசி அட்டையும் விசிடியும் விற்கும் கடை ஒன்று. கடைக்காரரின் மகன் என் வயதுக்காரன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தொலைக்காட்சி. மூன்று பேரும் வெங்காய மூட்டைபோல் நெருக்கியடித்து உட்கார்ந்து படம் பார்ப்போம். அவனுக்குப் பிடித்தது ஒரே வகைதான். பூமிக்கு அடியில் நடக்கும் பேய்ப்படம். கைவிடப்பட்ட உப்புச் சுரங்கம், நகரத்துச் சாக்கடை, ஒவ்வொரு தளமாக இறங்க இறங்கத் தரையே வராத கார் நிறுத்துமிடம். வழிதவறிய நாலைந்து பேர் உள்ளே போவார்கள், ஒருவர் திரும்பி வருவார்.

"பேய காட்டிட்டாங்கன்னா படம் முடிஞ்சிருச்சு லா," என்பான் நண்பன். "அது வரைக்கும் சத்தம் மட்டும்தான். அதான் பெஸ்ட்டு."

தாய்லாந்துப் படமென்றால் கீழே ஆங்கில எழுத்து ஓடும். தங்கைக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கடிதம், மின்கட்டணச் சீட்டு, மருந்துப் பெட்டி என்று அப்பா எதையும் என்னிடம்தான் நீட்டுவார். நான் படித்துச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது வீட்டில் எழுதாத சட்டம். தங்கையும் அப்படியே நம்பினாள்.

படங்களிலிருந்து நாங்கள் சில விதிகளை எடுத்து வைத்திருந்தோம். சுரங்கத்தில் தொலைந்துவிட்டால் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், எதற்காகவும் எடுக்கக் கூடாது, சுவர் உன்னை வாசலுக்குக் கொண்டுபோய் விடும். இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, ஏனென்றால் கீழே இருப்பது தெரிந்த குரலில்தான் கூப்பிடும். பின்னால் காலடி கேட்டால் நிற்கவே கூடாது. நின்றவள்தான் எல்லாப் படத்திலும் முதலில் போவாள்.

எந்தக் கை என்பதில் ஒருநாள் சண்டை வந்தது. கடைக்காரர் ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் அது. கடை நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி நிற்கும். கூட்டமில்லாத நேரத்தில் அவர் தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு, அலமாரியை இடதுபக்கம் வைத்து, வாய்க்குள் ஏதோ ஓதியபடி சுற்றிச் சுற்றிப் பழகிக்கொண்டிருந்தார். மகனையும் பின்னால் நடக்கவிட்டார்.

"அங்கிள் தப்பாச் சுத்துறாரு," என்றாள் தங்கை. "கோயில்ல அப்படிச் சுத்துனா ஐயர் ஏசுவாரு."

"எங்களுக்கு இப்படித்தான் பாப்பா," என்று அவர் நிற்காமலே சிரித்தார். "மக்காவுல எல்லாரும் இடப்பக்கம் வெச்சுத்தான் சுத்தணும்."

"அப்ப சுரங்கத்துலயும் இடது கைதான் சுவத்துல," என்றான் நண்பன்.

"ச்சீ, அது கழுவுற கை. அம்மா அடிப்பாங்க. நான் வலது கைதான்," என்றாள் தங்கை.

"உனக்கு ரெண்டாவது டிஸ்க் கிடையாது போ. நீ முதல் டிஸ்க்லயே செத்துருவ."

தங்கை அழ ஆரம்பித்ததால், அவரவர் கை அவரவர் விருப்பம் என்று முடிவாயிற்று.

அந்தக் கீழ்த்தளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நடுவில், மின்தூக்கிக் கூண்டும் தண்ணீர் பம்பு அறையும் சேர்ந்து, வீடு அளவுக்கு ஒரு கனமான சதுரக் கட்டு. அதைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே நடைபாதை. பாதையின் வெளிப்பக்கம் முழுக்க வரிசையாகக் கிடங்குகள், இழுத்து மூடிய இரும்புக் கதவுகள். வெளியே போகும் படிக்கட்டும் அந்த வெளிப்பக்கச் சுவரில்தான் இருந்தது. காய்ந்த மிளகாயும் ஈரச் சாக்கும் கலந்த நெடி தொண்டையைப் பிடிக்கும். தங்கைக்கு ஆஸ்துமா. நீல நிற இன்ஹேலரை அம்மா காலையில் என் கால்சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். அது எப்போதும் என் பையில்தான் இருக்க வேண்டும்.

அன்று நானும் தங்கையும் கீழே விளையாடிக்கொண்டிருந்தோம். நண்பன் மேலே கடையில் இருந்தான். அவன் உம்மா தொழுதுவிட்டு வரும்வரை அவன்தான் கல்லாவைப் பார்க்க வேண்டும், அப்புறம் இறங்கி வந்து பேயாக எங்களைத் துரத்துவதாக ஏற்பாடு. திடீரென்று மழை அடித்துக்கொண்டு வந்தது. மேலே வேனில் அரிசி மூட்டைகள். அப்பா படிக்கட்டிலிருந்து சத்தம் போட்டார்.

"டேய், மேல வாடா. வந்து தார்ப்பாயப் புடி. பாப்பா, நீ அங்கயே நில்லு. நகரக் கூடாது."

நான் ஓடினேன். தார்ப்பாயின் ஒரு முனையை நானும் மறுமுனையைச் சித்தப்பாவும் பிடித்துக்கொண்டு நின்றோம். இடி ஒன்று இறங்கியது. அதற்குப் பிறகு எங்கேயோ தண்ணீர் இறங்கி, வளாகம் முழுவதும் விளக்கு போயிற்று. மேலே அது பகல்தான், மழை வெளிச்சம் இருந்தது. கீழே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கை தானாகக் கால்சட்டைப் பையைத் தொட்டது. உள்ளே இன்ஹேலர் இருந்தது.

"அப்பா, பாப்பாவோட மருந்து எங்கிட்ட இருக்கு."

அப்பா மூட்டையை அப்படியே போட்டுவிட்டு இறங்கினார்.

படிக்கட்டு முடிந்த இடத்தில் இருட்டு சுவர்போல நின்றது. அப்பாவின் கைத்தொலைபேசித் திரை நாலடி தூரத்துக்குப் பச்சையாக ஒரு ஒளி காட்டியது, அவ்வளவுதான். தங்கையை நிற்கச் சொன்ன இடத்தில் அவள் இல்லை.

"பாப்பா. அப்பாதான்டா. எங்கடா இருக்க?"

அந்தக் குரல் நாலு பக்கமும் மோதி, நாலு ஆட்கள் கூப்பிடுவதுபோலத் திரும்பி வந்தது. பதில் இல்லை. தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு நடுவில், சப், சப் என்று ரப்பர் செருப்பு.

"அண்ணே, புள்ள முன்னாலதான் போவுது," என்றார் சித்தப்பா. "செருப்புச் சத்தம் கேக்குது பாருங்க."

"பிரிஞ்சு போவாதீங்க. இருட்டுல நீங்களும் தொலைஞ்சா நான் யாரைத் தேடுறது. என் பின்னாலயே வாங்க," என்றார் அப்பா.

இடதுபக்கம் திரும்பி, நடுக்கட்டை வலதுகைப் பக்கமாக விட்டு நடந்தோம். எந்தப் பக்கம் போவது என்று யாரும் யோசிக்கவில்லை. கால் தானாகத் திரும்பியது.

முதல் முனையைத் திரும்பியபோது சத்தம் அடுத்த முனையில் கேட்டது. அடுத்த முனைக்குப் போனால் அதற்கடுத்ததில். அப்பா நடையை எட்டிப் போட்டார். செருப்பும் வேகம் கூட்டியது. தரையில் ஏதோ மின்னியது, தங்கையின் பட்டாம்பூச்சி கிளிப். அதை எடுத்து இன்ஹேலரோடு பையில் போட்டேன். இரண்டும் உரசி, நான் அடி வைக்கும்போதெல்லாம் கிலுகிலுத்தன. படிக்கட்டு வாசலை மறுபடி தாண்டினோம். மறுபடி அதே முனை. இந்தத் தடவை தரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

"இங்க இப்பத்தானே வந்தோம். அப்ப இது இல்ல," என்றார் சித்தப்பா. அவர் குரல் இறங்கிவிட்டது. முருகா, முருகா என்று முணுமுணுக்கத் தொடங்கினார்.

"டேய், சும்மா வாடா."

இப்போது கேட்டது ஒரு கால் சத்தம்தான். சப். சற்று இடைவெளி. சப். அதற்கு மேலே இன்னொன்றும் கேட்டது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அந்த மெல்லிய விசில். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு எல்லாருக்கும் தூக்கம் கலையும். அவள் நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. நடக்க நடக்க அது மோசமாகும். நாங்கள் வேகமாகப் போனால் அவளும் வேகமாகப் போனாள்.

"பாப்பா, நில்லு," என்று நான் கத்தினேன். "அண்ணன்தான். மருந்து வெச்சிருக்கேன். நில்லு பாப்பா."

விசில் ஒரு நொடி நின்றது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது. அப்பாவுக்குப் பயம் கோபமாக மாறிக்கொண்டிருந்தது. "ஏய், அப்பா கூப்பிடுறேன், நிக்க மாட்டியா," என்று அவர் போட்ட சத்தத்தில் இரும்புக் கதவுகள் அதிர்ந்தன. எனக்கே ஓடிவிடலாம்போல இருந்தது.

அவள் பக்கத்துக் கதையை அப்புறம் அவளே எனக்குச் சொன்னாள். விளக்கு போனதும் அசையாமல் நின்றிருக்கிறாள். நின்றவள்தான் முதலில் போவாள் என்பது நினைவு வர, வலதுகையை நீட்டியிருக்கிறாள். கையில் பட்டது நடுக்கட்டின் சுவர். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசல் வரவில்லை. வருவதற்கு வழியே இல்லை, அந்தச் சுவர் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் சுவர். படிக்கட்டு அவளுடைய இடதுபக்கம் இருட்டில் வந்து வந்து போனது. கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடி கேட்டது. ஒன்றல்ல, பல. ஏதோ கிலுகிலுவென்று குலுங்கியது. பிறகு அது அப்பாவின் குரலில் கூப்பிட்டது. அப்புறம் என் குரலில். மருந்து வைத்திருப்பதாகவும் சொன்னது. அந்தத் தாய்லாந்துப் படத்தில் அப்படித்தான் கூப்பிடும் என்று அவளுக்குப் படித்துச் சொன்னவன் நான்.

நண்பன் இறங்கி வந்தது எங்களுக்குத் தெரியாது. அப்பா போட்ட சத்தம் கேட்டு, கீழே ஒரு பிள்ளையைக் காணோம் என்று வளாகத்துக் காவலாளி மேலே போய்ச் சொன்னதும், கடிகாரம் பழுதுபார்க்கும் மேசையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். படிக்கட்டு முடிந்ததும் வலதுபக்கம் திரும்பினான்.

நாங்கள் கேட்டது அலறல். பிறகு ஏதோ இரும்பில் மோதும் சத்தம்.

முனையைத் திரும்பினோம். டார்ச் தரையில் உருண்டு கிடந்தது. அதன் வெளிச்சத்தில், மூட்டை தள்ளும் தள்ளுவண்டியின் கைப்பிடிக்குக் கீழே தங்கை. வாயெல்லாம் ரத்தம். அவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் மகன். அவள் திமிறிக்கொண்டிருந்தாள்.

நான் போய் விழுந்து இன்ஹேலரைக் குலுக்கி அவள் வாயில் வைத்தேன். ரத்தத்தில் அது வழுக்கியது. ஒரு அழுத்து. அவள் இழுக்கவில்லை. "அண்ணன்டா, என்னைப் பாரு. இழு." இன்னொரு அழுத்து. அவள் கண்கள் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தன, நான் நான்தானா என்று. பிறகு இழுத்தாள். எனக்குப் பின்னால் பளார் என்று ஒரு சத்தம் கேட்டது.

"பேய் விளையாட்டா விளையாடுற? ஆறு வயசுப் புள்ளடா அது," என்று அப்பா அவனைப் பார்த்துக் கத்தினார்.

"நான் இப்பதான் அங்கிள் வந்தேன். எதிர்ல வந்தா. டார்ச்சப் பாத்துட்டு ஓடி இடிச்சிக்கிட்டா. மறுபடியும் ஓடக் கூடாதுன்னுதான் புடிச்சேன்."

"பொய் பேசாத. இவ்ளோ நேரம் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால நாங்க நாய் மாதிரி அலையுறோம். ஒளிஞ்சிருந்து புள்ளைய ஓடவிட்டு வேடிக்க பாத்திருக்க."

தங்கையின் மூச்சு மெல்ல மெல்ல வீட்டில் விடும் சாதாரண மூச்சாக மாறியது. அதைத் தவிர எதுவும் எனக்குக் காதில் விழவில்லை. முன்பல் பாதியாக உடைந்து ஈறில் தொங்கியது.

அன்று மாலையே பல் டாக்டரிடம் போனோம். வேரோடு எடுத்துவிட்டார். பால்பல்தான், எப்படியும் ஆறு மாதத்தில் விழுந்திருக்கும் என்றார். அதை நான் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். திரும்பி வரும்போது பேருந்தில் தங்கை பஞ்சைக் கடித்தபடி, "அவன் தள்ளல. நானாத்தான் ஓடினேன். அவன் எதிர்ல வந்தான், அதான்," என்றாள். அதையும் சொன்னேன். மருந்துச் சீட்டைப் படித்தபோது நம்பிய அப்பா இதை நம்பவில்லை.

"எதிர்ல எப்படிடா வருவான்? நாம அந்த இடத்த முழுக்கச் சுத்தினோம். நம்ம கண்ணுல படாம எதிர்ல வர்றதுக்கு அவன் என்ன காத்தா?"

நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

அம்மா வந்ததும் தீர்ப்பு எழுதி முடித்தார். "கண்ட கண்ட படத்தப் பாத்து அந்தப் பையன் பேயாவே ஆயிட்டான். இனி அந்தக் கடப்பக்கம் போனீங்க, காலு இருக்காது."

மறுநாள் நண்பனின் உம்மா வேனருகே வந்தார். கையில் ஒரு பச்சை உறை. கணவர் ஊரில் இல்லாத நேரத்தில் மகனால் இப்படி ஒரு பேச்சு வந்துவிட்டதே என்று அவருக்கு நிமிர்ந்து பார்க்கவே முகமில்லை. "பல்லுக்கு ஆன செலவு இதுல இருக்குண்ணே. அவரு வந்ததும் இவனுக்கு இருக்கு. மனசுல வெச்சுக்காதீங்க." அவரும் மகனைக் கேட்டிருப்பார். அவரும் நம்பவில்லை. அப்பா உறையை வாங்கிக்கொண்டார். நண்பன் மேல்மாடிக் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை ஆட்டினேன். அவன் ஆட்டவில்லை. கடைக்காரர் திரும்பி வந்து பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார், ஆனால் அந்தப் படங்களைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார். அடுத்த விடுமுறைக்குள் கடையும் வேறெங்கோ போய்விட்டது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, தோ பாயோ கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா கூட்டத்தில் கணவரைத் தவறவிட்டுச் சுற்றிச் சுற்றித் தேடினார். "நீங்க நடந்துக்கிட்டே இருந்தா அவரும் நடந்துக்கிட்டே இருப்பாரும்மா," என்றார் விளக்கு விற்கும் ஆள். "அப்படியே நில்லுங்க. இல்லாட்டி எதிர்ப்பக்கம் ஒரு நட போங்க." அந்த அம்மா நின்றார். கணவர் பின்னாலிருந்து வந்து, "எங்கடி போன," என்றார்.

என் சுற்று பாதியில் நின்றுவிட்டது. வலதுகையால் சுவரைப் பிடித்துப் போனவள் ஒருத்தி. சாமியை வலமாகச் சுற்றியே பழகிய மூன்று பேர் அவள் பின்னால். எல்லாரும் ஒரே திசை. நாங்கள் அவளைத் தேடவில்லை, துரத்திக்கொண்டிருந்தோம். எதிரே நடந்து வந்தவன் ஒருவன்தான்.

அவனைத் தேடிப் பிடிக்க நாளாயிற்று. தேக்காவில் தேநீர் குடித்தோம். தாடி வைத்திருந்தான். தங்கை எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டான். நான் கோயிலில் தோன்றியதைச் சொன்னேன். 

"அந்த வருஷம் வாப்பா அந்தக் கண்ணாடி அலமாரியச் சுத்தவெச்சு என் கால ஒடிச்சிட்டாரு லா," என்றான். "பழக்கத்துல திரும்பிட்டேன் போல." பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். "உங்கப்பா கையி செம வெயிட்டு."

அந்தப் பச்சை உறையைப் பற்றிக் கேட்டேன். அவன் உம்மா கொடுத்தது நினைவிருக்கிறதா என்று.

"உம்மா காசு இல்ல அது. என்னோடது. அந்த வருஷப் பெருநாளுக்குப் பெரியவங்க எனக்குக் காசு வெச்சுக் குடுத்த பச்சை உறைங்க எல்லாத்தையும் பிரிச்சு ஒண்ணாப் போட்டாங்க. பல்ல ஒடைச்சவன்தான் கட்டணும்னு சொல்லிட்டாங்க."

அப்பா அன்று அதை வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி என்று டாலர் தாள்களாகப் பிரித்து எண்ணினார். சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். நாற்பத்தைந்து வெள்ளி.